கணினியில் எத்தனை? நிரலுக்கு எத்தனை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் 'உங்கள் செயலிக்கு எத்தனை செயலிகள்?' என்ற தலைப்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். குற்றம் சொல்லவில்லை. கைபேசியில் இறக்கிக்கொள்ளும் ஆப்பும் செயலி, மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் ப்ராசஸரும் செயலி என்று நாமேதான் இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டி வைத்திருக்கிறோம். தலைப்பு போட்டவர் என்ன செய்வார்? நான் எழுதப்போவது அந்த இருவருக்கும் நடுவில் நடக்கும் பேச்சுவார்த்தையைப் பற்றி. அதனால் ஒன்றை நிரல் என்றும் மற்றதை ப்ராசஸர் என்றும் எழுதிவிடுகிறேன். அலுவலகத்தில் நாங்கள் பேசுவதும் ப்ராசஸர்தான்.

கட்டுரையில் எனக்குக் குறையில்லை. ஒரு வேலையைத் துண்டுபோட்டுப் பல ப்ராசஸர்களிடம் பிரித்துக் கொடுப்பது எப்படி என்பதை இவ்வளவு தெளிவாகத் தமிழில் நான் படித்ததில்லை. என் குறையெல்லாம் பக்கத்தின் அடியில் கட்டம் கட்டிப் போட்டிருந்த பெட்டிச் செய்தியைப் பற்றியது. பைத்தானில் இப்படிக் கேளுங்கள், ஜாவாவில் இப்படிக் கேளுங்கள், லினக்ஸில் இந்தக் கட்டளை என்று நாலு வரி. பிறகு, 'கிடைக்கும் எண் எவ்வளவோ அத்தனை திரெட்களைத் தொடங்குங்கள். கணினி முழு வேகத்தில் ஓடும்' என்று ஓர் அறிவுரை. திரெட் என்றால், நிரலுக்குள் மற்றவற்றோடு சேர்ந்தாற்போல ஓடக்கூடிய ஒரு வேலை இழை. அதை நம்பித்தான் நான் மூன்று ராத்திரி தூங்காமல் கிடந்தேன். உங்கள் பெட்டியைப் பார்த்து அல்ல, அதற்கு வெகு முன்பே. ஆனால் வார்த்தைக்கு வார்த்தை அதே அறிவுரைதான்.

'கணினியில் எத்தனை ப்ராசஸர் இருக்கிறது?' என்பது ஒரு கேள்வி. 'எனக்கு எத்தனை ப்ராசஸர் இருக்கிறது?' என்பது வேறு கேள்வி. ஒரு நிரல் கேட்க வேண்டியது இரண்டாவதை. பெட்டியிலுள்ள நாலு வரியில் இரண்டு வரி முதல் கேள்வியைக் கேட்கின்றன, இரண்டு வரி அரைகுறையாக இரண்டாவதைக் கேட்கின்றன, நாலுக்கும் ஒரே தலைப்பு. இலக்கண வகுப்பில் ஏழாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை என்று உருபுகளை ஒப்பித்தபோது, இது ஒருநாள் சோறு போடும் வேலைக்கு வேண்டியிருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் கவனித்திருப்பேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 2001-இல். அப்போது மேசைக் கணினியில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. ஒன்றுதான் இருந்தது, அதுவும் எனக்குத்தான் இருந்தது. இரண்டு கேள்விக்கும் ஒரே விடை என்பதால் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. 2002-இல் இன்டெல் தன் பென்டியம் 4-இல் ஹைப்பர் திரெடிங்கை, அதாவது ஒரே ப்ராசஸரை இரண்டுபோலக் காட்டும் ஏற்பாட்டை, கொண்டுவந்தது. 2005-இல் ஒரே சில்லில் இரண்டு கோர், அதாவது தனித்தனியே வேலை பார்க்கக்கூடிய இரண்டு ப்ராசஸர், வைத்த மேசைக் கணினிச் சில்லுகளை இன்டெல்லும் ஏஎம்டியும் விற்கத் தொடங்கின. அங்கிருந்துதான் எண்ணிக்கை என்பதே ஒரு விவகாரம் ஆனது.

அதே இணைப்பின் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகர், 'எட்டு கோர் என்று சொல்லி விற்றார்கள், விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் 16 என்று வருகிறது, ஏதாவது ஏமாற்றா?' என்று கேட்டிருந்தார். அதற்கு வந்த பதில் சுருக்கமாகப் போய்விட்டது. ஐயா, ஏமாற்று இல்லை. அதே திரையில் இரண்டு வரி இருக்கும், பாருங்கள். கோர்கள் 8, லாஜிக்கல் ப்ராசஸர்கள் 16. ஒரு கோருக்குள் கணக்குப்போடும் உறுப்புகள் ஒரு செட்தான். ஆனால் அது இரண்டு வேலைகளின் நிலையை ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளும். ஒரு வேலை நினைவகத்திலிருந்து எண் வந்து சேரட்டும் என்று காத்திருக்கும்போது மற்றது அந்த உறுப்புகளைப் பயன்படுத்திக்கொள்ளும். இயங்குதளத்துக்கு அது இரண்டு ப்ராசஸராகத் தெரிகிறது. நிரல் கேட்டால் கிடைப்பதும் அந்த 16-தான். 16 பேரை வேலைக்கு வைத்தால் 8 பேர் வேலையைவிடக் கொஞ்சம் கூடுதலாக நடக்கும், இரண்டு மடங்கு நடக்காது. விடாமல் கணக்கே போட்டுக்கொண்டிருக்கும் நிரல்களில் சில சமயம் குறைந்தும் போகும்.

இப்போது இதிலும் ஒரு புதுக் குழப்பம். 2021 நவம்பரில் வந்த கோர் ஐ9 12900கே-வில் 16 கோர், ஆனால் லாஜிக்கல் ப்ராசஸர் 24. ஒன்றால் பெருக்கினாலும் வராது, இரண்டால் பெருக்கினாலும் வராது. எட்டு கோர் பெரியவை, ஒவ்வொன்றும் இரண்டு லாஜிக்கல் ப்ராசஸர். மற்ற எட்டும் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் சிறியவை, ஒவ்வொன்றும் ஒன்றே. 24 என்று பதில் வரும்போது அந்த 24-உம் சம பலமுள்ளவை அல்ல என்ற செய்தி அந்த எண்ணில் இல்லை. வேலையை 24 சம பங்காகப் பிரித்துக் கொடுத்தால் பெரியவை முடித்துவிட்டுச் சிறியவைக்காக உட்கார்ந்திருக்கும். கைபேசிச் சில்லுகளில் இது பத்தாண்டுகளுக்கு மேலாக உள்ள ஏற்பாடுதான். மேசைக்கு வந்ததும்தான் எங்களுக்குச் சுட்டது.

சரி, என் மூன்று ராத்திரிக்கு வருகிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் நிரல், ஸ்கேன் செய்த பக்கங்களை வாங்கி, எழுத்துகளை அடையாளம் கண்டு, தேடக்கூடிய உரையாக மாற்றித் தரும். அதற்கு இரண்டு வகை வேலை வரும். முந்நூறு பக்கப் புத்தகம் ஒன்றை மாற்றித் தா என்பது பெரிய வேலை. ஏற்கெனவே மாற்றியதில் இந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்பது சின்ன வேலை. சின்ன வேலைக்கு 5 மில்லிவினாடி போதும். கேட்டவர் விரலை எடுப்பதற்குள் விடை திரையில் இருக்கும். பெரிய வேலைக்காகப் பைத்தானில் ஒரு வேலையாள் கூட்டத்தை, அதாவது பக்கங்களைப் பங்குபோட்டுக்கொள்ளும் நிரலின் பிரதிகளை, வைத்திருந்தோம். எத்தனை பேர்? தொடங்கும்போது கணினியைக் கேட்டு, அது சொல்லும் எண். பெட்டிச் செய்தியின் முதல் வரி எதுவோ, அதுதான்.

இந்த நிரல் ஒரு கன்டெய்னருக்குள் ஓடுகிறது. கன்டெய்னர் என்றால், ஒரே சர்வரில் பல நிரல்களை ஒன்றுக்கொன்று தெரியாமல் அடைத்து வைக்கும் தடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடுப்புக்கும் இவ்வளவுதான் ப்ராசஸர் நேரம், இவ்வளவுதான் நினைவகம் என்று அளவு வைக்கலாம். எங்களுக்கு ஒதுக்கியது 4 ப்ராசஸர், 6 ஜிபி. அடியிலிருந்த சர்வரில் 8 ப்ராசஸர். நிரல் கேட்டது, 8 என்று பதில் வந்தது, 8 வேலையாட்கள் எழுந்தார்கள். பல மாதம் ஒரு குறையும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு எங்களை 64 ப்ராசஸர் உள்ள பெரிய சர்வருக்கு மாற்றினார்கள். எங்கள் ஒதுக்கீடு மாறவில்லை, அதே 4, அதே 6 ஜிபி. நிரலிலும் ஓர் எழுத்து மாறவில்லை. மாற்றிய அன்று ராத்திரி நிரல் எழுந்தது, செத்தது, எழுந்தது, செத்தது. நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் 'கில்ட்' (கொல்லப்பட்டது) என்ற ஒரே சொல். காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. எழுத்தை அடையாளம் காணும் மாடலை ஒவ்வொரு வேலையாளும் தனித்தனியே ஏற்றிக்கொள்வார், தலைக்கு 150 எம்பி. எட்டுப் பேருக்கு 1.2 ஜிபி. அறுபத்து நாலு பேருக்கு 9.6 ஜிபி. ஆறுக்குள் எப்படி அடங்கும்?

அந்த இடத்திலேயே 64 என்ற எண்ணைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு மனிதருக்குத் தோன்றுவது வேறு. நினைவகம் போதவில்லை, நினைவகத்தைக் கூட்டு. 12 ஜிபி வாங்கினோம், நிரல் சாகாமல் ஓடியது, நானும் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் முதல் புகார்கள். தேடல் இழுக்கிறது. 5 மில்லிவினாடியில் வந்த விடை 90, 100 என்று வருகிறது. என்னோடு வேலை பார்க்கும் தம்பி திரையைக் காட்டி, "அக்கா, மெஷின் ஆறு பர்சென்ட்தான் ஓடுது. ஆனா எல்லாமே நின்னு நின்னு போகுது. நெட்வொர்க்கா இருக்குமோ?" என்றான். நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் போனது. டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு நாள். எங்களைக் குழப்பியது என்னவென்றால், மணிக்கு எத்தனை பக்கம் மாற்றுகிறோம் என்ற கணக்கு ஏறக்குறைய முன்போலவே இருந்தது. பெரிய வேலை ஒழுங்காக நடக்கிறது, சின்ன வேலை தவிக்கிறது, சர்வரோ சும்மா இருக்கிறது.

ஆறு சதவீதம் என்று அவன் சொன்னதை நான் மூன்றாம் நாள்தான் காதில் வாங்கினேன். 64-இல் 4 என்றால் 6.25 சதவீதம். அதாவது எங்களுக்கு ஒதுக்கிய நாலையும் கடைசிச் சொட்டுவரை குடித்துக்கொண்டிருந்தோம். சும்மா இருந்தது சர்வர், எங்கள் தடுப்பு அல்ல.

கன்டெய்னருக்குள் போய் சிபியு.மேக்ஸ் என்ற கோப்பைத் திறந்தேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு, எங்கள் ஒதுக்கீடு எழுதியிருக்கும் இடம் அதுதான். உள்ளே ஒரே வரி, இரண்டு எண்: 400000, 100000. மைக்ரோவினாடிக் கணக்கு. ஒவ்வொரு 100 மில்லிவினாடிக்கும் 400 மில்லிவினாடி ப்ராசஸர் நேரம் என்று பொருள். 100-இல் எப்படி 400 என்றால், நாலு ப்ராசஸர் முழு நேரமும் ஓடினால் 400 ஆகிறது. இதைத்தான் 4 ப்ராசஸர் என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். ஆனால் கெர்னல் எங்களுக்கு நாலு ப்ராசஸரை எடுத்து வைக்கவே இல்லை. 64-இல் எதில் வேண்டுமானாலும், ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும்கூட ஓடிக்கொள்ளலாம், மொத்தம் 400-ஐத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான்.

64 பேரும் ஒன்றாக ஓடினால் 400 மில்லிவினாடி எவ்வளவு நேரம் தாங்கும்? ஆறேகால் மில்லிவினாடி. அதற்குள் அந்த 100 மில்லிவினாடிச் சுற்றின் பங்கு முழுவதும் தீர்ந்துவிடும். மீதி ஏறக்குறைய 94 மில்லிவினாடிக்குத் தடுப்புக்குள் இருக்கும் எல்லாரையும் கெர்னல் உறைய வைத்துவிடும். வேலையாட்களை மட்டுமில்லை, தேடலுக்குப் பதில் சொல்லும் பகுதியையும் சேர்த்து. 5 மில்லிவினாடி வேலைக்கு வந்தவர் அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டினால், அடுத்த சுற்று பிறக்கும்வரை நிற்க வேண்டியதுதான். பெரிய வேலைக்கு இது உறைக்காது. அதற்குச் சுற்றுக்கு 400 கிடைத்தால் போதும், மொத்தமாகக் கிடைத்தால் என்ன, பரவலாகக் கிடைத்தால் என்ன?

பக்கத்திலேயே சிபியு.ஸ்டாட் என்று இன்னொரு கோப்பு. அதில் எத்தனை சுற்று கடந்தது, அதில் எத்தனை சுற்றில் நிறுத்தப்பட்டோம் என்று இரண்டு எண்ணிக்கை இருக்கும். பார்த்து எழுதிக்கொண்டு, ஒரு நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்தேன். முதலாவது 600 கூடியிருந்தது. இரண்டாவது 597 கூடியிருந்தது. அந்த 597-ஐத் தம்பியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப பழைய மெஷின்லயும் இதே கதைதானே அக்கா?" என்றான். ஆமாம். 8 பேர், 400 மில்லிவினாடி, 50-இல் தீர்ந்திருக்கும். பெரிய வேலை இருந்த நேரமெல்லாம் அங்கேயும் பாதிக் காலம் உறைந்துதான் கிடந்திருக்கிறோம். யாரும் புகார் சொல்லாததால் எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு குறையும் இல்லை என்று நினைத்ததாக நான் மேலே எழுதியதை இப்போது திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

கணினி பொய் சொல்லவில்லை. 'கணினியில் எத்தனை' என்று கேட்டோம், 64 என்று உண்மையைச் சொன்னது.

எண்ணை 4 ஆக்கினோம். தேடல் வந்தபோதெல்லாம் ஒதுக்கீட்டைக் கொஞ்சம் மிஞ்சி அவ்வப்போது நின்றது. 3 ஆக்கினோம். மணிக்கு மாற்றும் பக்கம் கொஞ்சம் குறைந்தது, அது ராத்திரி வேலை, காத்திருப்பவர் யாரும் இல்லை. தேடல் பழைய 5-க்கு வந்தது. இந்த 3 என்ற எண்ணை எந்தக் கட்டளையும் எனக்குச் சொல்லியிருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்பது ப்ராசஸருக்குத் தெரியாது.

உங்கள் பெட்டிச் செய்தியின் நாலு வரிக்குத் திரும்புகிறேன். பைத்தானின் சிபியு கவுண்ட் என்ற அழைப்பு, கணினியில் உள்ளதை மட்டும் சொல்லும். 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் ப்ராசஸ் சிபியு கவுண்ட் என்று புதிதாக ஒன்று சேர்த்தார்கள். 'இந்த நிரல் இந்த இந்த ப்ராசஸரில்தான் ஓடலாம்' என்று யாராவது கட்டுப்பாடு போட்டிருந்தால் அதை அது மதிக்கும். நான் சொன்ன 400, 100 கணக்கை அதுவும் பார்க்காது. எங்கள் கன்டெய்னரில் அதைக் கேட்டிருந்தாலும் 64 என்றே சொல்லியிருக்கும். ஜாவாக்காரர்கள் இந்த அடியை எங்களுக்கு முன்பே வாங்கியவர்கள். 2018 மார்ச்சில் வந்த ஜாவா 10 முதல் அது கன்டெய்னர் ஒதுக்கீட்டைப் படிக்கிறது, அதே ஆண்டு அக்டோபரில் பழைய 8-க்கும் அதைக் கொண்டுபோனார்கள். கோ மொழி 2025 ஆகஸ்டில் வந்த 1.25-இல்தான் அந்த வழிக்கு வந்தது. ரஸ்ட் மொழியிலும் இது உண்டு. ஆனால் ஒதுக்கீடு இரண்டரை என்று இருந்தால் ஜாவா மேலே ஏற்றி 3 என்கிறது, ரஸ்ட் கீழே இறக்கி 2 என்கிறது. ஒரே தடுப்பு, ஒரே கோப்பு, இரண்டு விடை. இதில் எது சரி என்று என்னைக் கேட்டால், தேடல் மாதிரி வேலைக்கு ரஸ்ட் பக்கம் சாய்வேன்.

லினக்ஸ் வைத்திருக்கும் வாசகர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். என்பிராக் என்று கட்டளை கொடுங்கள், ஓர் எண் வரும். அடுத்து, டாஸ்க்செட் கட்டளையால் 0, 1 என்ற இரண்டு ப்ராசஸர்களை மட்டும் அனுமதித்து அதே என்பிராக்கை ஓட்டுங்கள். 2 என்று வரும். கணினி சுருங்கவில்லை, கேட்டவருக்கு உள்ளது சுருங்கியிருக்கிறது. அதே கட்டுப்பாட்டுக்குள் 'ஆல்' என்ற விருப்பத்தைச் சேர்த்துக் கேட்டால் பழையபடி முழு எண் வரும். இரண்டு கேள்வியையும் ஒரே கட்டளையில் பிரித்து வைத்த அந்தப் புண்ணியவான்களுக்கு என் வணக்கம். ஆனால் அதுவும் நெடுங்காலம் 400, 100 ஒதுக்கீட்டைப் பார்க்காமல்தான் இருந்தது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் கன்டெய்னருக்குள் அதை முழுக்க நம்ப வேண்டாம்.

விண்டோஸ் பக்கம் எனக்கு அதிகப் பழக்கமில்லை, ஒன்று மட்டும் தெரியும். அங்கே ப்ராசஸர்களை 64-க்கு மேற்படாத குழுக்களாகப் பிரித்து வைக்கிறார்கள். பழைய முறையில் கேட்கும் நிரலுக்குத் தன் குழுவில் உள்ளது மட்டுமே தெரியும். 128 உள்ள சர்வரில் அது 64 என்று சொல்லிவிட்டுப் பாதியைத் தொடாமல் விட்டுவிடும். எங்களுக்கு நேர்ந்ததற்கு நேர் எதிர்த் தவறு. சி++ மொழியில் இந்த எண்ணைக் கேட்க 2011 தரநிலையில் வந்த அழைப்புக்கு, விடை தெரியாவிட்டால் 0 என்று சொல்ல அனுமதி உண்டு. வந்த எண்ணால் வேலையை வகுப்பவர்கள் அதைச் சோதித்துவிட்டு வகுக்கவும். உலாவிகள் கதை வேறு. வலைப்பக்கம் இந்த எண்ணைக் கேட்டு வாங்கி, மற்ற விவரங்களோடு சேர்த்து ஆளை அடையாளம் காணப் பயன்படுத்தக்கூடும் என்பதால், தனியுரிமைக்காகச் சில உலாவிகள் வேண்டுமென்றே உண்மையான எண்ணை மறைக்கின்றன. அது எனக்கு நியாயமாகவே படுகிறது.

'எனக்கு எத்தனை' என்பதே எப்போதும் சரியான கேள்வி என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. மின்கலத்தை மிச்சம் பிடிக்க, சும்மா இருக்கும் கோர்களை அணைத்துவிடும் பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகள் உண்டு. நிரல் எழும் நொடியில் 'இப்போது விழித்திருப்பது எத்தனை' என்று கேட்டால் 1 என்றோ 2 என்றோ வரும். அதை நம்பி இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டால், வேலை கூடி மற்ற கோர்கள் விழித்துக்கொண்ட பிறகும் அவை சும்மா இருக்கும். அங்கே கைபேசியில் மொத்தம் உள்ளது எத்தனை என்று கேட்பதே நல்லது. லினக்ஸ் இந்த இரண்டையும் தனித்தனியாகவே சொல்லும். ஜாவாவின் கையேடும், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்த எண் மாறலாம், அவ்வப்போது திரும்பக் கேளுங்கள் என்கிறது. எத்தனை பேர் கேட்கிறோம்? தொடக்கத்தில் ஒருமுறை கேட்டு மனப்பாடம் செய்துகொள்வதோடு சரி.

பெருக்கல் கணக்கு ஒன்றும் பாக்கி. நீங்கள் 8 வேலையாட்களை வைக்கிறீர்கள். ஒவ்வொருவரும் ஓர் எண்கணித நூலகத்தை, அதாவது யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பை, அழைக்கிறார். அந்த நூலகமும் தன் பங்குக்குக் கணினியைக் கேட்கிறது, 8 என்று பதில் வருகிறது, தனக்கு 8 திரெட் தொடங்குகிறது. 8 ப்ராசஸரில் இப்போது 64 திரெட் முட்டிக்கொள்கின்றன. கேட்ட இரண்டு பேரும் சரியாகத்தான் கேட்டார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல் கேட்டார்கள். அதற்குத்தான் ஓஎம்பி நம் திரெட்ஸ் என்ற சூழல் மாறி, அதாவது நிரலுக்கு வெளியிலிருந்து வைக்கும் ஓர் அமைப்பு, இருக்கிறது. அதை 1 என்று வைத்துவிட்டால், அதை மதிக்கும் நூலகங்கள் தனி ஆளாக வேலை பார்க்கும். எங்கள் நிரலிலும் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

இப்போது நான் எழுதும் எந்த நிரலும் முதலில் மனிதரைக் கேட்கும். இத்தனை பேர் என்று அமைப்புக் கோப்பில் யாராவது எழுதி வைத்திருந்தால் அதுவே முடிவு. எழுதவில்லையென்றால் ஒதுக்கீட்டுக் கோப்பு, அதன்பின் ப்ராசஸர் கட்டுப்பாடு, கடைசியாகத்தான் கணினியில் உள்ள மொத்தம். இவற்றில் எது சிறியதோ அது. கூடவே, எழுந்தவுடன் பதிவேட்டின் முதல் வரியில், 'கணினியில் 64, எனக்கு 4, வைத்தது 3' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வரி அன்றைக்கு இருந்திருந்தால் முதல் ராத்திரியோடு முடிந்திருக்கும்.

பெட்டிச் செய்தியைத் திருத்தி வெளியிடுவதாக இருந்தால் என் வேண்டுகோள் சின்னது. நாலு வரியும் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது 'கணினியில்' என்று கேட்கிறதா, 'எனக்கு' என்று கேட்கிறதா என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். 'அத்தனை திரெட்களைத் தொடங்குங்கள்' என்ற கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டு, 'அதற்கு மேல் வேண்டாம்' என்று போட்டால் போதும். கணக்குப்போடும் வேலைக்குத்தான் இந்த வரம்பு என்றும் அடைப்புக்குள் சொல்லலாம். பெரும்பாலும் வலையிலிருந்து பதில் வரக் காத்திருக்கும் நிரல், நாலு ப்ராசஸரில் நானூறு பேரை வைத்துக்கொண்டாலும் கெட்டுப்போகாது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி, நிரலாளர்

பி.கு.: இதை எழுதி முடித்துவிட்டு சிபியு.ஸ்டாட் கோப்பை இன்னொரு முறை திறந்து பார்த்தேன். இன்று காலையிலிருந்து நிறுத்தப்பட்ட சுற்றுகள் 11. ஒவ்வொரு மணிக்கும் சரியாக ஒன்று. மணிக்கொருமுறை எதுவோ எழுந்து, என்னைக் கேட்காமல், கணினியைக் கேட்டுவிட்டு ஆள் சேர்க்கிறது போலிருக்கிறது. தம்பி தேடிக்கொண்டிருக்கிறான்.